நான்-லீக் டெர்பி: பங்காளிச் சண்டை பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு டெர்பி, அதாவது பக்கத்துப் பக்கத்து அணிகள் மோதும் கால்பந்து ஆட்டம், என்றால் ஆர்சனல்-டாட்டன்ஹாம், இல்லாவிட்டால் லிவர்பூல்-எவர்டன். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதே சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், பத்துப் பதினைந்து பவுண்டுக்கு வேறொரு டெர்பி நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கப் போவது எப்படி, எங்கே நிற்பது, என்னென்ன சொதப்பும் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் படிக்கட்டு. பிரீமியர் லீகும் அதற்குக் கீழே மூன்று பிரிவுகளும் சேர்ந்து 92 கிளப். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். உச்சியில் நேஷனல் லீக், அது ஸ்டெப் 1. நேஷனல் லீக் நார்த், சவுத் இரண்டும் ஸ்டெப் 2. ஸ்டெப் 3-ல் நார்தர்ன் பிரீமியர், இஸ்த்மியன், சதர்ன் லீகின் இரண்டு பிரிவுகள் என மொத்தம் நான்கு. ஸ்டெப் 4-ல் எட்டு. அங்கிருந்து கவுண்டி லீக் வரை இறங்கிக்கொண்டே போகும். 1986-87 சீசனுக்கு முன்பு கீழிருந்து மேலே போக ஓட்டெடுப்புதான் வழி. மேலே இருக்கும் அந்த 92 கிளப்புகள் கையைத் தூக்கினால்தான் கதவு திறக்கும். 1978-ல் சவுத்போர்ட் வெளியேறி விகன் உள்ளே போனது அப்படித்தான். பிறகுதான் சாம்பியனுக்கு நேரடி இடம் என்று ஆனது. அந்த வழியில் முதலில் ஏறியது ஸ்கார்பரோ.

டெர்பிக்கு நல்ல இடம் ஸ்டெப் 3, ஸ்டெப் 4 என்பது என் கட்சி. ஸ்டெப் 1-க்குப் போனால் தனித்தனி கேட், தனித்தனி கூண்டு, போலீஸ் வேன் என்று பெரிய லீகின் ஏழைப் பதிப்பாகத்தான் இருக்கும். ஸ்டெப் 6-க்கு இறங்கினால் பகை இருக்கும், சத்தம் போடக் கூட்டம் இருக்காது. நடுவில் இருக்கிற இரண்டு படியில்தான் கூட்டமும் உண்டு, கட்டுப்பாடும் குறைவு.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை வெறுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, இது பங்காளிச் சண்டை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வாழ்ந்தால் வயிறு எரியும், ஆனால் அவன் ஊரைவிட்டே போய்விட்டால் நமக்கும் பொழுது போகாது, வரும்படியும் போய்விடும். வரும்படி என்று சொல்வது விளையாட்டுக்கு இல்லை. லீக் ஆட்டத்தில் கேட் கலெக்‌ஷன் முழுவதும் ஹோம் டீமுக்கே. ஒரு கணக்குக்கு, வழக்கமாக 500 பேர் வரும் மைதானத்துக்கு டெர்பி அன்று 1,500 பேர் வந்தால், கூடுதலாக வந்த ஆயிரம் பேரில் பெரியவர், முதியவர், பையன்கள் என்று சராசரியாக ஆளுக்குப் பத்து பவுண்டு வைத்தாலும் 10,000 பவுண்டு. பார், டீக்கடை, புரோகிராம் என்கிற ஆட்டக் கையேடு விற்பனை தனி. ஆட்டக்காரர்களுக்கு வாரத்துக்குச் சில நூறு பவுண்டு கொடுத்து ஓட்டும் கிளப்புக்கு இது சின்னத் தொகையா? சீசனுக்கு இரண்டு டெர்பி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அதனால்தான் பக்கத்து ஊர் அணி கீழே இறங்கும்போது ரசிகர்கள் சிரிக்க, பொருளாளர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சில சமயம் மைதானமே பங்காளியிடம் கேட்க வேண்டி வரும். நார்த்தாம்ப்டன்ஷயரில் கெட்டரிங் டவுனும் ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸும் இருந்த கதையைப் பாருங்கள். கெட்டரிங் பழைய கிளப், 1976-லேயே பிரிட்டனில் முதன்முதலாகச் சட்டையில் ஸ்பான்சர் பெயர் போட்டு ஆடியவர்கள். ரஷ்டன் 1992-ல் இரண்டு சின்ன கிளப்புகளை இணைத்து உருவானது. டாக்டர் மார்ட்டன்ஸ் பூட்ஸ் கம்பெனி முதலாளி மேக்ஸ் கிரிக்ஸ் பணத்தைக் கொட்டி, இர்த்லிங்பரோவில் நீன் பார்க் என்ற அழகான ஸ்டேடியத்தைக் கட்டினார். 2001-ல் மேலே உள்ள அந்த 92-க்குள்ளேயே போய்விட்டார்கள். கெட்டரிங் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2011-ல் ரஷ்டன் திவாலாகிக் கலைந்தது. தன் பழைய ராக்கிங்ஹாம் ரோடு மைதானத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலையில் இருந்த கெட்டரிங் எங்கே குடிபோனது தெரியுமா? அதே நீன் பார்க்குக்கு. செலவு தாங்கவில்லை, அடுத்த ஆண்டே அங்கிருந்தும் வெளியேறி இன்னொரு பங்காளியான கோர்பி டவுன் மைதானத்தில் ஒண்டிக்கொண்டார்கள். நீன் பார்க்கை 2017-ல் இடித்துவிட்டார்கள். ரஷ்டன் ரசிகர்கள் 2011-லேயே புது கிளப் ஒன்றைத் தொடங்கி அடியிலிருந்து ஏறத் தொடங்கினார்கள்.

தெற்கு லண்டனிலும் இதேதான். டலிச் ஹாம்லெட்டும் டூட்டிங் அண்ட் மிட்சமும் பழைய எதிரிகள். டூட்டிங், மிட்சம் என்றதும் நம் ஈழத்து உறவுகள் பலருக்கு வீட்டு விலாசம் நினைவுக்கு வரும், அந்த ஊர் அணிதான் இது. 2018 மார்ச்சில் மைதான உரிமையாளரோடு வந்த தகராறில் டலிச்சை அவர்களுடைய சாம்பியன் ஹில்லுக்குள் விடவில்லை. இடம் கொடுத்தது டூட்டிங். அவர்களுடைய இம்பீரியல் ஃபீல்ட்ஸில் ஆடியே டலிச், மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களை வென்று ஸ்டெப் 2-க்கு ஏறியது. அதே சீசனில் டூட்டிங் கீழே இறங்கியது. இடம் கொடுத்தவன் இறங்க, ஒண்ட வந்தவன் ஏற, அந்த டெர்பியும் லீக் அட்டவணையிலிருந்து போய்விட்டது.

கவனிக்க வேண்டியது அதைத்தான். நான்-லீக் டெர்பி வருஷா வருஷம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு அணி ஏறினால் போச்சு, இறங்கினால் போச்சு. இரண்டும் ஒரே படியில் இருந்தாலும், சீசன் முடிந்ததும் எந்த கிளப் எந்தப் பிரிவு என்று எஃப்.ஏ., அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், வரைபடத்தை வைத்துப் பிரிக்கும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களின் பாடு திண்டாட்டம். 2023-ல் இஸ்த்மியனிலிருந்து ஏறிய பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டைத் தூக்கி நேஷனல் லீக் நார்த்தில் போட்டார்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஊர் அது, லண்டனுக்குப் பக்கம். பழகிய எதிரிகளை எல்லாம் விட்டுவிட்டு ஒரு சீசன் முழுக்க வடக்கே பஸ் ஏறி, அந்த வருஷமே இறங்கியும் போனார்கள். ஆகவே கோடையில் பிரிவுப் பட்டியல் வந்ததும் உங்கள் ஊருக்கு யார் பங்காளி என்று பாருங்கள். ஜூலையில் ஆட்ட அட்டவணை வரும். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தேதிகளில் முக்கியமானது டிசம்பர் 26, பாக்ஸிங் டே. அன்று தூரப் பயணம் வேண்டாம் என்று லீகுகள் பக்கத்து ஊர்களைக் கோத்துவிடும். திரும்ப ஆடுவது பெரும்பாலும் புத்தாண்டு அன்றோ ஈஸ்டர் திங்களன்றோ இருக்கும். இந்த வழக்கத்துக்கு வயசு அதிகம். 1857-ல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி.யும் 1860-ல் தொடங்கிய ஹாலமும் முதன்முதலில் மோதியது 1860 டிசம்பர் 26-ல், சாண்டிகேட்டில். இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஷெஃபீல்ட் 2-0 என்று வென்றது. ஹாலம் இன்றும் அதே சாண்டிகேட்டில் ஆடுகிறது, மைதானத்தின் சரிவும் அப்படியே இருக்கிறது.

பாக்ஸிங் டேயில் ஒரு சிக்கல் உண்டு, புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது, 26 அன்றும் பெரும்பாலான தடங்களில் ஓடாது. டார்செட்டில் பங்காளிகளான வேமத்துக்கும் டார்செஸ்டருக்கும் இடையே தூரம் சுமார் 13 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் ரயில் ஏறினால் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்க வேண்டும். டார்செஸ்டர் சவுத் ஸ்டேஷனிலிருந்து அவென்யூ ஸ்டேடியத்துக்கு நடந்தே போகலாம், டெஸ்கோவை அடையாளமாக வைத்துக்கொண்டால் போதும். வேமத்தின் பாப் லூகாஸ் ஸ்டேடியம் ஊருக்கு வெளியே, ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனால் 26-ம் தேதி என்றால் கார் இருக்கிறவரைப் பிடியுங்கள். வேமத்துக்கு 'டெரஸ்' என்று பெயர், டெரகோட்டா என்கிற செங்கல் நிறச் சட்டையிலிருந்து வந்தது. டார்செஸ்டர் கறுப்பு வெள்ளை, 'மேக்பைஸ்'. எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யாமல் போகிறவர்கள் இந்த நிறச் சட்டைகளைத் தவிர்த்துவிடுவது உத்தமம்.

உள்ளே போவதில் உள்ள தொல்லை இது. ஐந்நூறு பேருக்குப் பழகிய கிளப்பில் டர்ன்ஸ்டைல் என்கிற சுழல் கதவு இரண்டுதான் இருக்கும், அதில் உட்காருகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். டெர்பி அன்று 2:40-க்கு மேல் வரிசை கார் பார்க்கைத் தாண்டிப் போகும். கார்டு மெஷின் மொபைல் சிக்னலை நம்பி ஓடுவது. ஆயிரம் பேர் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆன்லைனில் டிக்கெட் இருந்தால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள், கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில்லறையாகப் பணம். 2 மணிக்கு உள்ளே போய்விட்டால் புரோகிராம் கிடைக்கும், பர்கரும் கிடைக்கும். இடைவேளைக்குப் பிறகு டீக்கடைக்குப் போனால் டீயும் சாக்லேட்டும்தான் மிச்சம் இருக்கும், ஏனென்றால் வழக்கமான கூட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குத்தான் சரக்கு வாங்கியிருப்பார்கள், மூன்று மடங்குக்கு இல்லை. பாருக்குப் போவதென்றால் 40-வது நிமிஷத்தில் கிளம்புங்கள்.

கிளம்புவதற்கு முன்பு இன்னொரு வேலை: ஆட்டம் நடக்குமா என்று பாருங்கள். டிசம்பர், ஜனவரி டெர்பிகளில் பாதிப் பயம் மழையிலும் உறைபனியிலும்தான். காலையில் உள்ளூர் ரெஃப்ரி ஒருவர் வந்து பார்ப்பார், சந்தேகம் இருந்தால் ஆட்டத்து ரெஃப்ரியே மதியம் வந்து முடிவு சொல்வார். பார்ப்பதும் இரண்டு இடத்தைத்தான்: கோல் வாசல், லைன்ஸ்மேன் ஓடும் ஓரம். சீசன் முழுக்க மிதிபட்டு மண் இறுகிப்போன இடங்கள் அவை, தண்ணீர் உள்ளே இறங்காது. பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போடுவார், எழும்பாமல் பொத்தென்று நின்றால் ஆட்டம் இல்லை. உறைபனியில் நிழல் விழும் பக்கம் மட்டும் கல்லாக இருக்கும், அதுவே போதும் நிறுத்துவதற்கு. கிளப்பின் எக்ஸ் பக்கத்தை வீட்டில் ஒரு முறை, வழியில் ஒரு முறை பாருங்கள். 3ஜி செயற்கைத் தரை உள்ள மைதானமென்றால் இந்தக் கவலை குறைவு. நான்-லீகில் அதற்கு அனுமதி உண்டு, மேலே இல்லை. 2021-ல் நேஷனல் லீக் சாம்பியனான சட்டன் யுனைடெட் மேலே போவதற்காகத் தன் செயற்கைத் தரையைப் பிடுங்கிவிட்டுப் புல் போட வேண்டி வந்தது.

இனி நிற்கும் இடம். தடுப்பு வைத்துப் பிரிக்காத மைதானத்தில் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்தில், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் மாறுவார்கள். இதில் ஒரு வேடிக்கை. டாஸ் ஜெயித்த கேப்டன் வழக்கத்துக்கு மாறாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரு கூட்டமும் பீர் டம்ளரோடு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கும். எதிரணி ரசிகர்களை நடக்கவைப்பதற்காகவே கேப்டன்கள் இதைச் செய்வதுண்டு. இடைவேளையில் இரு கூட்டமும் எதிரெதிராகக் கடக்கும் இடம் ஸ்டாண்டுக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு ஆள் அகலப் பாதையாக இருக்கும். "உங்க ஊர்ல ட்ரெயின் நிக்குதாப்பா இப்ப?" என்கிற ரகத்துக் கிண்டலெல்லாம் அங்கேதான். கிண்டல் செய்கிறவரும் கேட்கிறவரும் திங்கட்கிழமை ஒரே வேர்ஹவுஸில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். சத்தம் வேண்டுமென்றால் தகரக் கூரை போட்ட பக்கம் நில்லுங்கள். நாற்பது பையன்களும் ஒரு டிரம்மும் அந்தக் கூரைக்கடியில் நானூறு பேர் போலக் கேட்கும். திறந்த பக்கத்தில் பாடுவது காற்றோடு போய்விடும். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேனேஜரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் டக்-அவுட்டுக்குப் பக்கத்துக் கம்பிதான் சரி, மேனேஜர் யாரைத் திட்டுகிறார், ஏன் திட்டுகிறார் எல்லாம் காதில் விழும்.

இதையெல்லாம் கெடுப்பது கூட்டத்தைப் பிரித்து நிறுத்துவது. போலீஸோ பாதுகாப்புக் குழுவோ பிரிக்கச் சொன்னால் ஒரு முனையை வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கி வேலி கட்டுவார்கள். உடனே பக்கம் மாறுவது நின்றுவிடும், பாதி மைதானத்துக்கு பார் இல்லை, டீக்கடை இல்லை, கழிப்பறை என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். கூட்டத்தைக் கவனிக்கும் ஸ்டூவர்டுகளை நாள் கூலிக்கு எடுக்க வேண்டும், டெர்பியில் வந்த காசில் ஒரு பங்கு அங்கேயே போகும். பத்து அடி தூரத்தில் நின்று முகம் பார்த்துக் கிண்டல் செய்தவன், வேலிக்கு அப்பால் போனதும் காசை எறிகிறான். மோசமான சம்பவம் நடந்த ஊர்களில் பிரிப்பது தேவைதான், மறுக்கவில்லை. கூட்டம் 1,500-ஐத் தாண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிப்பதுதான் எரிச்சல்.

பீர் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி மேல் ஐந்து படிகளில், அதாவது பிரீமியர் லீக் முதல் ஸ்டெப் 1 வரை, ஆட்டம் தெரியும் இடத்தில் மது குடிக்கக் கூடாது. ஸ்டெப் 2-லிருந்து கீழே பிளாஸ்டிக் டம்ளரில் வாங்கிக் கம்பியோரம் நின்று குடிக்கலாம், கிளப் அனுமதித்தால். இரண்டில் ஒரு அணி மேல் ஐந்து படியில் இருந்தாலே சட்டம் பாயும். அன்றைக்கு மைதானத்தைப் பார்த்த பார் ஜன்னல்களுக்கெல்லாம் திரையை இழுத்துவிட்டிருப்பார்கள்.

புகைக் குண்டு பற்றி ஒரு வார்த்தை. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பையில் மறைத்துக் கொண்டுவருகிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். அது மைதானத்துக்குள் விழுந்தால் ரெஃப்ரி அறிக்கையில் எழுதுவார், அபராதம் கிளப்புக்கு வரும். 3ஜி தரையில் விழுந்தால் இழைகள் உருகித் திட்டாகிவிடும், அந்த இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டும். பையனைக் கூட்டிப்போகிற அப்பாக்கள் ஒருமுறை பையைப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டம் எப்படி இருக்கும்? முதல் கால் மணி நேரம் அழகை எதிர்பார்க்காதீர்கள். பந்து வானத்திலேயே இருக்கும். டிசம்பர் மண்ணில் பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாகக் கட்டிக்கொண்டு வர நினைக்கும் அணி முதல் தவறிலேயே கோல் வாங்கும். உயரமான ஸ்டிரைக்கர் தலையில் தட்டிவிடும் பந்து எங்கே விழுகிறது, அங்கே முதலில் யார் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள், அந்தப் போட்டியில் ஜெயிக்கிற அணிதான் பெரும்பாலும் ஆட்டத்தையும் ஜெயிக்கும். நீள த்ரோ-இன் இங்கே கார்னருக்குச் சமம். வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விஏஆர் கிடையாது. ரெஃப்ரி ஆரம்பத்திலேயே ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துவிட்டால் நல்லது, 'டெர்பிதானே, ஆடட்டும்' என்று விட்டுவிட்டால் எழுபதாவது நிமிஷத்துக்குள் ஒருவராவது சிவப்பு வாங்கிப் போவார்.

ஆட்டக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் சுவை கூடும். ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரரை வேறு கிளப் இழுக்க வேண்டுமானால் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும். சீசன் நடுவிலேயே இது நடக்கும். போன சனிக்கிழமை நமக்கு கோல் போட்டவர் அடுத்த சனிக்கிழமைக்கு மறு சனி பங்காளி சட்டையில் வந்து நிற்பார். பெட்ரோல் செலவும் வேலை நேரமும்தான் காரணம்: செவ்வாய், வியாழன் மாலைப் பயிற்சிக்கு வேலை முடிந்து போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிற கிளப்புகள் இரண்டோ மூன்றோதான். துரோகி என்று கத்துவார்கள். அவருக்கும் நன்றாகக் கேட்கும். ஆட்டம் முடிந்ததும் அதே பாரில் வந்து கத்தியவரிடமே பீர் வாங்கிக் குடிப்பார்.

ஓயாமல் டெர்பியே வேண்டும் என்கிறவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லித் தீவுகளுக்குப் போகலாம். அங்கே லீகில் இரண்டே அணிகள், உல்பேக் வாண்டரர்ஸ், கேரிசன் கன்னர்ஸ். சீசன் முழுக்க இவர்களோடு அவர்கள், அவர்களோடு இவர்கள். ஒவ்வொரு சீசனும் இரண்டு கேப்டன்களும் உட்கார்ந்து ஆட்களைப் புதிதாகப் பிரித்துக்கொள்வார்கள்.

கவுண்டி கப், அதாவது மாவட்ட அளவிலான கோப்பைப் போட்டியில் வரும் டெர்பிக்கு மட்டும் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். செவ்வாய் இரவில், பாதி அணி ரிசர்வ் பையன்களாக, காலி ஸ்டாண்டுக்கு முன்னால் ஆடுவார்கள். ஃபிளட்லைட் போய் ஆட்டம் பாதியில் நின்றால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டி வரும், உங்கள் டிக்கெட் செல்லுமா என்பது அந்தந்த கிளப் முடிவு. டிக்கெட்டின் துண்டைத் தூக்கிப் போடாமல் பையில் வையுங்கள்.